மகளின் போனை மறக்கவைத்த புளியங்கொட்டை

கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வீட்டுக்கு வந்த பிறகும் என் ஆறு வயது மகள் போனைக் கீழே வைக்கவில்லை. பிடுங்கினால் அழுகை. வாங்கித் தந்த பொம்மைகள் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அம்மா பரணிலிருந்து பல்லாங்குழியை எடுத்துத் தந்தார். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. முதல் ஆட்டம் பாதியிலேயே மகள் சலித்து எழுந்துவிட்டாள். சின்னக் கைக்கு அது அதிகம்தான். மறுநாள் குழிக்கு 3 ஆகக் குறைத்தேன். அதில் ஒன்று விழுந்தாலே 4 சேர்ந்து 'பசு' ஆகிவிடும்; அந்த நாலையும் குழிக்காரர் அள்ளிக்கொள்ளலாம். "பசு! பசு!" என்று அவள் கத்தியது வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) முழுக்கக் கேட்டது.

அப்புறம் தாயம். உருட்டுவதற்காக 4 கொட்டைகளை முற்றத்துக் கருங்கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தோம். கரும்பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரிய வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும். அதை அவள் என் கையில் வைக்க, நான் "ஆ!" என்று துள்ள, விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும். பட்டாலை எனும் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் சாக்பீஸால் கட்டம் போட்டதும் அம்மாவும் ஆட வந்துவிட்டார். சாயங்காலம்வரை போனை யாரும் தேடவில்லை.

ஒன்று மட்டும்: வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும்.