இருபத்து மூன்று நூல்: வீட்டு பிளான் பிரிண்ட் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, இன்னும் வானம் தோண்ட ஆரம்பிக்கவில்லை. கொத்தனார் என்னுடைய பிளானைச் செங்கல் அடுக்கின் மேல் விரித்து, அதன் மேல் டேப்பை வைத்துக் காட்டினார். "தம்பி, ரெண்டு நூலுக்கு ஒரு அடின்னுதானே போட்டிருக்கீங்க? இங்க இருபத்து மூணு நூல் வருது. அதான் பதினொன்றரை அடின்னு மார்க் பண்ணிட்டேன்."

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூலுக்கு ஒரு அடி என்றால் கால் அங்குலத்துக்கு ஒரு அடி, அதாவது 1:48. அவர் அளந்த இடம் மாடிப்படி வரும் நீளம். அது 12 அடி இருக்க வேண்டும்: 10 அங்குல அகலத்தில் பத்துப் படிகளுக்கு 8 அடி 4 அங்குலம், லேண்டிங்குக்கு 3 அடி 8 அங்குலம். தாளில் 24 நூல் வர வேண்டிய இடத்தில் 23 நூல் வந்திருந்தது. அப்படியே தோண்டியிருந்தால் லேண்டிங்கில் அரை அடி போயிருக்கும். கட்டில், பீரோவைத் திருப்பி மேலே ஏற்றும்போதெல்லாம் அந்த வீட்டுக்காரர் அதை உணர்ந்திருப்பார்.

கொத்தனார் மேல் ஒரு தவறும் இல்லை. அந்த நீளத்துக்கு நான் அளவு எழுதாமல் விட்டிருந்தேன், அவர் தாளை நம்பி அளந்தார். தாள் ஏன் பொய் சொன்னது என்று தேடியபோதுதான், கணினியில் சரியாக வரைந்த படம் தாளுக்கு வருவதற்குள் எத்தனை இடத்தில் தடுமாறுகிறது என்பது புரிந்தது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

'ஃபிட்' என்ற ஒரு டிக்

பிரிண்ட் எடுக்கும் பிளாட் விண்டோவில் 'ஃபிட் டு பேப்பர்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் டிக் இருந்தால், படத்தைத் தாளுக்குள் எப்படியாவது அடக்குவதுதான் மென்பொருளின் வேலை. ஸ்கேல் 1:48 இல்லாமல் 1:51.3 என்று ஏதாவது ஒன்றாகப் போய் நிற்கும். தாளின் அடியிலோ நீங்கள் எழுதிய 'ஸ்கேல் 1:48' அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

நான் அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் பி.டி.எஃப். போட்டிருந்தேன். சுருங்கியது ஜெராக்ஸ் கடையில். பி.டி.எஃப். திறக்கும் மென்பொருளின் பிரிண்ட் விண்டோவிலும் இதே 'ஃபிட்' இருக்கிறது, பல கணினிகளில் முதலிலிருந்தே அதுதான் தேர்வாகி நிற்கும். பிரிண்டர் தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவதால், ஏ3 படத்தை ஏ3 தாளுக்குள் அடக்க அது 3, 4 சதவீதம் சுருக்கிவிடும். 24 நூல் 23 ஆனது அப்படித்தான். கடையில் 'ஆக்சுவல் சைஸில் போடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல், முதல் தாளை அங்கேயே அளந்து பாருங்கள்.

அளந்து பார்க்க எளிய வழி, தாளின் ஒரு மூலையில் ஸ்கேல் பார் வரைந்து வைப்பது. 0, 5, 10, 20 அடி என்று குறித்த ஒரு பட்டை போதும். 1:48 என்றால் அதில் 20 அடி சரியாக 5 அங்குலம் வர வேண்டும். வரவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே திரும்பப் போடச் சொல்லலாம். யாராவது பிளானைச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தாலும் பட்டையும் சேர்ந்தே சுருங்குவதால் அது எப்போதும் உண்மையைச் சொல்லும். ஏ1 தாள் 594 × 841 மி.மீ., ஏ3 தாள் 297 × 420 மி.மீ. ஏ1-ல் போட்டதை ஏ3-க்குச் சுருக்கினால் நீளம் பாதியாகும், 1:100 என்பது 1:200 ஆகிவிடும். எழுத்தில் மட்டும் 1:100 என்றே நிற்கும்.

இன்னொரு குழப்பம், 1:100-ஐயும் 'ஒரு நூலுக்கு ஒரு அடி'யையும் ஒன்றாக நினைப்பது. ஒரு நூலுக்கு ஒரு அடி என்பது 1:96. அனுமதிக்கு 1:100-ல் போட்ட தாளையே சைட்டுக்கும் கொடுத்தால், 30 அடிச் சுவர் தாளில் 3.6 அங்குலம் வரும். கொத்தனார் நூல் கணக்கில் அதை 28 அடி 10 அங்குலம் என்று படிப்பார். அனுமதித் தாள் வேறு, சைட் தாள் வேறு என்று இரண்டு லேஅவுட் (படத்தைத் தாளில் அமைக்கும் பக்கம்) வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அடியா, அங்குலமா, மீட்டரா

பிரிண்டில் தெரியும் கோளாறுகளில் பாதி, வரையத் தொடங்கும்போதே நுழைந்துவிடுகிறது. மாடலில், அதாவது படம் வரையும் வெளியில், எப்போதும் உண்மை அளவில் வரைய வேண்டும். 12 அடி அறை என்றால் 12 அடியாகவே. சுருக்குவது லேஅவுட்டின் வேலை. இதை விட்டுவிட்டு மாடலிலேயே படத்தைச் சுருக்கி வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு ஒரு ஜன்னலை நகர்த்த வேண்டி வந்தால் அவர்கள் படும் பாடு சொல்லி முடியாது.

அடி அங்குலக் கணக்கில், அதாவது ஆர்க்கிடெக்சுரல் யூனிட்டில், ஒரு யூனிட் என்பது ஒரு அங்குலம். 10 என்று மட்டும் தட்டினால் 10 அங்குலம். 10-ஐத் தொடர்ந்து அடிக் குறியும் போட்டால்தான் 10 அடி. புதிதாகக் கற்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது.

அடுத்தது சர்வே படம். எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தில் அளவு மீட்டரில் இருக்கும். ஒரு பக்கம் 12.2 என்று இருப்பதை அப்படியே வரைந்துவிட்டு, "மீட்டரை அடியாக்க 3.28-ஆல் பெருக்கு" என்று படத்தைப் பெரிதாக்கினால் 40 என்று வரும். ஆனால் மென்பொருளுக்கு அது 40 அங்குலம், மூன்றே கால் அடியைக் கொஞ்சம் தாண்டிய ஒரு மனை! பெருக்க வேண்டியது 39.37-ஆல். செய்த பிறகு ஏதாவது ஒரு பக்கத்தை அளந்து, பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப் பாருங்கள். கட்டில், கார், வாஷ்பேசின் பிளாக்குகளை (தயாராக வரைந்து வைத்த படங்களை) வெளியிலிருந்து கொண்டு வரும்போதும் கவனம் வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்த கட்டில் அங்குல ட்ராயிங்குக்குள் வந்தால் 25.4 மடங்கு பெரிதாகி மனையையே மூடிவிடும். இது கண்ணில் பட்டுவிடும், அதனால் பெரிய ஆபத்தில்லை. கண்ணில் படாத அளவுக்கு மட்டும் தப்பாக இருக்கும் பிளாக்தான் ஆபத்து. 5 அடிக் கட்டிலை 4 அடியாகப் போட்டுவிட்டு, "ரூமில் தாராளமாக இடம் இருக்கிறது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவோம்.

வியூபோர்ட்டைப் பூட்டுங்கள்

லேஅவுட்டில் மாடலைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டுக்கு 1:48 கொடுத்தாகிவிட்டது. ஏதோ ஒரு சின்னத் திருத்தத்துக்காக அதற்குள் இரட்டைக் கிளிக் செய்து நுழைகிறீர்கள். மவுஸ் சக்கரம் லேசாக நகர்கிறது. ஸ்கேல் போயே போய்விட்டது. படம் கிட்டத்தட்ட அதே அளவில்தான் தெரியும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஸ்கேல் வைத்த கையோடு பூட்டுக் குறியைக் கிளிக் செய்துவிட வேண்டும். அப்புறம் லேஅவுட்டிலிருந்து பிளாட் செய்யும்போது ஸ்கேல் 1:1 தான். வியூபோர்ட்டில் ஏற்கெனவே 1:48 இருக்கிறது, பிளாட்டிலும் 1:48 கொடுத்தால் தாளின் நடுவே தபால்தலையைவிடச் சிறிதாக ஒரு வீடு வரும்.

திரையில் அழகு, தாளில் மங்கல்

கறுப்புத் திரையில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும். வெள்ளைத் தாளில், அதுவும் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது, அது இருப்பதே தெரியாது. கறுப்பு வெள்ளைத் தாளுக்கு 'மோனோக்ரோம்' சி.டி.பி.யை, அதாவது எந்த நிறக் கோடு தாளில் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் கோப்பை, தேர்ந்தெடுத்தால் எல்லா நிறமும் கறுப்பாக விழும். ஆனால் அது 1 முதல் 255 வரையிலான எண் நிறங்களுக்குத்தான் பொருந்தும். ட்ரூ கலர், அதாவது சிவப்பு-பச்சை-நீலக் கலவையில் நிறம், கொடுத்த கோடுகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராமல், அதே நிறத்தில் மங்கலாகவே விழும். "மோனோக்ரோம் போட்டும் சில கோடு மட்டும் சாம்பலாக வருகிறது" என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கோட்டின் தடிமனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் எது சுவர், எது டைல்ஸ் கோடு, எது அளவுக் கோடு என்று தேட வேண்டியிருக்கும். வெட்டுப்படும் சுவருக்கு 0.5, கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக் கோட்டுக்கு 0.13 அல்லது 0.18 மி.மீ. என்பது என் பழக்கம். சுவருக்குள் கெட்டிக் கறுப்பு ஹேட்ச் (நிரப்பு) போடாதீர்கள். அந்தத் தாளை சைட்டில் யாராவது ஜெராக்ஸ் எடுத்தால் பக்கத்தில் உள்ள எழுத்தெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும்.

எழுத்தின் உயரத்துக்கு என்னிடம் ஒரே கணக்கு: தாளில் ஒரு நூல். 1:48-ல் அதற்கு மாடலில் 6 அங்குலம், 1:96-ல் 12 அங்குலம். சிமெண்ட் கையோடு நின்று படிக்கிறவருக்கு அதைவிடச் சிறிய எழுத்து உதவாது.

டெஃப்பாயிண்ட்ஸ் என்ற லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) திரையில் தெரியும், பிரிண்டில் வராது. தெரியாமல் அதில் காம்பவுண்ட் சுவரை வரைந்துவிட்டு, "பிரிண்டர் ரிப்பேர்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய ட்ராயிங்கை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். அதனால் கடைக்கு ஆட்டோகேடின் மூலக் கோப்பான டி.டபிள்யூ.ஜி.யைக் கொடுக்காமல் பி.டி.எஃப். கொடுங்கள். வேறு இன்ஜினியருக்கு டி.டபிள்யூ.ஜி. அனுப்ப வேண்டியிருந்தால் 'இ-டிரான்ஸ்மிட்' வழியாக எழுத்துரு, சி.டி.பி., இணைப்புப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம்.

அளவைத் தட்டி மாற்றுவது

இதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் "ஹால் 14 அடி வேண்டும்" என்கிறார். சுவரை நகர்த்த நேரமில்லை. டைமென்ஷனை, அதாவது படத்தில் காட்டிய அளவை, இரட்டைக் கிளிக் செய்து, 13-6 இருந்த இடத்தில் 14-0 என்று தட்டிவிடுகிறோம். தாளில் 14 அடி, படத்தில் 13½ அடி. அந்த எண்ணுக்கும் சுவருக்கும் இனி உறவே கிடையாது. நாளைக்குச் சுவரை நகர்த்தினாலும் எண் அப்படியே உறைந்து நிற்கும். பக்கத்து அறை அளவையும் மொத்த அளவையும் கூட்டிப் பார்க்கிற கொத்தனாருக்கு அரை அடி இடிக்கும், எதை நம்புவது என்று தெரியாமல் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். படத்தை மாற்றுங்கள், எண் தானே மாறும்.

கூட்டல் இடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அளவுகளை முழு அங்குலத்துக்குச் சுற்றிக் காட்டும்படி வைத்திருந்தால் 4½ அங்குலச் சுவர் 5 என்று விழும். 9 அங்குலம், 10 அடி, 4½, 8 அடி, 4½, 10 அடி, 9 அங்குலம் என்ற வரிசையின் உண்மையான மொத்தம் 30 அடி 3 அங்குலம். தாளில் இருக்கும் எண்களைக் கூட்டினால் 30 அடி 4 அங்குலம் வரும். துல்லியத்தை அரை அங்குலத்துக்கு வைத்தால் தீர்ந்தது. அளவுகள் செங்கலுக்குச் செங்கலா, பூச்சுக்குப் பிறகா என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நல்ல வசதிதான். ஆனால் அனுமதிக்கு முன் ஒரு அதிகாரி படத்தைப் புரட்டிப் பார்க்கும் கட்டம் அங்கே இல்லை, 'எல்லாம் சரி' என்று உறுதி சொல்வது வீட்டுக்காரர். அவரை நம்ப வைத்தது நம் தாள் என்பதால், அளவைத் தட்டி மாற்றுவதை இன்னும் கடுமையாகவே பார்க்கிறேன்.

பழைய தாள்

ஒவ்வொரு தாளிலும் தேதியும் திருத்த எண்ணும் பெரிதாக இருக்கட்டும். பிளான் மூன்று முறை மாறினால் சைட்டில் மூன்று தாள்கள் கிடக்கும். எலக்ட்ரீஷியன் கையில் முதலாவது, பிளம்பர் கையில் இரண்டாவது, கொத்தனார் கையில் மூன்றாவது என்று ஆளுக்கொரு வீடு கட்டுவார்கள்.

புதுத் தாள் கொடுக்கும்போதே பழையதை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சிமெண்ட் கறையும் டீக் கறையுமாக, மடிப்பில் கிழிந்து இருக்கும். தூக்கிப் போடுவதில்லை, மேசையில் விரித்து வைத்துப் படிப்பேன். எந்த இடத்திலெல்லாம் கொத்தனார் பென்சிலால் அளவு எழுதியிருக்கிறாரோ, அங்கெல்லாம் நான் அளவு எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த மாடிப்படித் தாளில் '11½' என்ற பென்சில் எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு வரைந்த எந்த பிளானிலும் மாடிப்படிக்கு நீளம், படி அகலம், லேண்டிங் மூன்றையும் தனித்தனியாக எழுதாமல் நான் பி.டி.எஃப். போட்டதில்லை.