ஜிசிஎஸ்இ அறிவியல்: இரண்டா, மூன்றா?

இங்கிலாந்தில் பிள்ளை படிக்கிறதா? 16 வயது வாக்கில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இ-யில் அறிவியலுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒருங்கிணைந்த அறிவியல் எடுத்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் படித்து 2 ஜிசிஎஸ்இ பெறலாம். மதிப்பெண் தரம் (9தான் உச்சம்) 7-6 என்பதுபோல ஜோடியாக வரும். தனித்தனியாக எடுத்தால் 3. 'டிரிப்பிள்' என்று பள்ளியில் சொல்வது இதைத்தான்.

டிரிப்பிள் எடுக்காவிட்டால் அடுத்த கட்டமான ஏ லெவலில் அறிவியல் கிடைக்காது என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. அப்படி இல்லை. ஒருங்கிணைந்த அறிவியலில் நல்ல தரம் வாங்கியவர்களைப் பெரும்பாலான சிக்ஸ்த் ஃபார்ம்கள் (ஏ லெவல் நடத்தும் பள்ளிகள், கல்லூரிகள்) சேர்த்துக்கொள்கின்றன. எந்தத் தரம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தேர்வு நிலை: எளிதான ஃபவுண்டேஷன், கடினமான ஹையர் என்று இரண்டு உண்டு. ஃபவுண்டேஷன் நிலையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒருங்கிணைந்த அறிவியலில் 5-5க்கு மேல், தனிப் பாடத்தில் 5க்கு மேல் வராது. ஒருங்கிணைந்த அறிவியலில் மூன்று பாடத்துக்கும் ஒரே நிலைதான். தனித்தனியாக எடுத்தால் பாடத்துக்குப் பாடம் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், கணினி அறிவியலும் தனி ஜிசிஎஸ்இ. சில பள்ளிகளில் வானியல்கூட உண்டு. ஆசையாக இருக்கும்தான், ஆனால் கால அட்டவணையில் எந்தப் பாடத்தை விட வேண்டிவரும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.