கருத்தடை, பீரியட்ஸ் பத்தின நோட்டீஸ் படிக்கிறவங்களுக்குப் புரியுதான்னு செக் பண்றது எப்படி?

"மாத்திரை உட்கொள்ளத் தவறினால், நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்ளவும்."

இந்த வரிய ஒரு அக்காகிட்ட குடுத்து படிக்கச் சொன்னேன், கடகடன்னு படிச்சிட்டாங்க, சரி என்ன போட்டிருக்குன்னு கேட்டா "மாத்திரை சாப்பிடுறது தவறுன்னு போட்டிருக்கு"ன்னாங்க. அந்த வரிய எழுதினதே நான்தான். வாசிக்கிறது வேற, விளங்குறது வேறன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்காக நான் பண்ற முறைய அப்படியே எழுதுறேன்.

முதல்ல, நோட்டீஸ் யார் கைக்குப் போகுதுன்னு ஒரு வரியில எழுதிக்கோங்க. "பொதுமக்கள்"னு எழுதாதீங்க, அது யாருமே இல்ல. "அஞ்சாவது, ஆறாவதோட படிப்ப நிறுத்தின, முதல் குழந்தை பெத்த பொண்ணுங்க"ன்னு எழுதினா அடுத்து எல்லாமே ஈஸி.

ரெண்டாவது, ஒரு எழுத்து படிக்க எவ்ளோ கஷ்டம்னு கணக்கு போடுற ரீடபிலிட்டி ஃபார்முலா நெட்ல கிடைக்கும், அதுல தமிழப் போடாதீங்க. ஸ்மாக்னு ஒண்ணு இருக்கு, 1969ல வந்தது, 30 வாக்கியம் எடுத்து அதுல மூணும் அதுக்கு மேலயும் சிலபிள் (அசை) இருக்கிற வார்த்தைகள எண்ணுவாங்க. இங்கிலீஷுக்கு நல்லா ஒத்துவரும். தமிழ்ல விகுதி எல்லாம் வார்த்தையோடவே ஒட்டிக்குதே, "படிக்கிறவங்களுக்கு"ங்கிறது அந்தக் கணக்குப்படி பயங்கர கஷ்டமான வார்த்தை, ஆனா சின்னக் குழந்தைக்கும் புரியும். கருமுட்டைக்குப் போடுற "அண்டம்" ரெண்டே சிலபிள், அதனால சுலபம்னு சொல்லும், படிக்கிறவங்க பாதிப்பேர் பிரபஞ்சத்தப் பத்தி ஏதோ சொல்றாங்கன்னு நினைப்பாங்க. அதுக்குப் பதிலா பேனாவ எடுத்து, ஒரு வாக்கியத்துல எத்தனை விஷயம் இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணுக்கு மேல இருந்தா வெட்டுங்க. "பட்சத்தில்", "உட்கொள்ளுதல்", "மேற்கொள்ளவும்" மாதிரி ஆபீஸ் பாஷைய வட்டம் போட்டு தூக்குங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை, வார்த்தை வேட்டை. புக்ல இருக்கிற அர்த்தத்த விடுங்க, காதுல விழும்போது என்ன தோணுதுன்னு பாருங்க. ஓவரிக்கு "சினைப்பை" சரியான சொல்தான், ஆனா சினைன்னா மாடுதான் ஞாபகம் வருதுன்னு ஒரு பொண்ணு சிரிச்சா. "குடும்பக் கட்டுப்பாடு முறைகள்"னு தலைப்பு போட்டா நிறைய பேருக்கு ஆபரேஷன் மட்டும்தான் தோணும், காண்டம், காப்பர் டி, மாத்திரை எல்லாம் அதுல அடங்கும்னே தெரியாது. பீரியட்ஸ தீட்டுன்னு எழுதினா, அது அசுத்தம்னு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி. ரிசல்ட் "பாசிட்டிவ்"னு மொட்டையா போட்டா நல்ல சேதின்னு எடுத்துக்கிறவங்களும் உண்டு.

நாலாவது, மார்க் போடுறது. நோட்டீஸ் படிக்கிறவங்களுக்குப் பொருத்தமா இருக்கான்னு பாக்க சாம் (SAM)னு ஒரு செக்லிஸ்ட் இருக்கு, 22 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0, 1 இல்ல 2. பொருந்தாத கேள்விய விட்டுட்டு சதவீதம் போடணும். 20 கேள்வி பொருந்தி 26 மார்க் வந்தா 40க்கு 26, அதாவது 65%. 70லேர்ந்து மேல அருமை, 40லேர்ந்து 69 வரைக்கும் பரவால்ல ரகம், அதுக்குக் கீழ தேறாது. ஆனா ஒரு ஓட்டை கவனிங்க, கலாச்சாரத்துக்கு அதுல ரெண்டே கேள்விதான். அது ரெண்டுலயும் முட்டை வாங்கிட்டு மத்ததுல முழுசா வாங்கினா 44க்கு 40, 91%, "அருமை"! அதனால அந்த ரெண்டுல 0 வந்தா மொத்த மார்க்கையும் பாக்காம நான் திருப்பி அனுப்பிடுவேன்.

கலாச்சாரம்னதும் சில பேர் எல்லாத்தையும் மூடி மறைச்சுடுறாங்க, "பாதுகாப்பா இருங்கள்"னு போட்டு காண்டம்ங்கிற வார்த்தையே வராது. அது நாகரிகம் இல்ல, நழுவல். நான் பாக்கிறது வேற: படத்துல இருக்கிறவங்க படிக்கிறவங்க மாதிரி இருக்காங்களா, எல்லா இடத்துலயும் "உங்கள் கணவர்"னு போட்டு கல்யாணம் ஆகாதவங்கள வெளிய தள்ளுதா, ஆம்பளைக்குன்னு ஒரு வரியாவது இருக்கா, குழந்தை இல்லாதவங்கள குத்துற மாதிரி எதுவும் இருக்கா. கர்ப்பப்பை படம் போட்டா உடம்போட அவுட்லைனுக்குள்ள போடுங்க, தனியா மிதக்க விட்டா அது எங்க இருக்கு, எவ்ளோ பெருசுன்னே தெரியாது.

கடைசியா ஆளுங்ககிட்ட போங்க. அஞ்சாறு பேர் போதும், ஆனா ஒவ்வொருத்தரா, தனியா, ஏன்னா கூட்டத்துல இந்த விஷயத்துக்கு எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "புரிஞ்சுதா"ன்னு கேட்காதீங்க, "ஆமா"ன்னுதான் வரும். "உங்க தங்கச்சி மாத்திரை போட மறந்துட்டு வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"ன்னு கேளுங்க. சொந்த விஷயம் மாதிரி இல்லாததால கூச்சமில்லாம பேசுவாங்க. திருத்தினதுக்கு அப்புறம் புது ஆளுங்ககிட்ட காட்டுங்க, பழைய ஆளுக்கு பதில் ஏற்கனவே தெரியும்.

என்னோட அந்த வரி ரெண்டாவது ரவுண்டுலயும் ஃபெயில். "மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே போடுங்க"ன்னு மாத்தினேன், "அப்போ இன்னைக்கு நைட்டு போட வேண்டியத விட்டுடணுமா?"ன்னு கேட்டாங்க. சரின்னு அதையும் எழுதி டாக்டர்கிட்ட காட்டினா, இது ரெண்டு ஹார்மோன் இருக்கிற மாத்திரைக்குத்தான் சரி, ஒரே ஹார்மோன் மாத்திரைக்கு ரூல் வேற, மேல எந்த மாத்திரைன்னு போடுன்னாங்க. சுலபமாக்குறேன்னு தப்பாக்கிடுற ஆபத்து எப்பவும் இருக்கு. மூணாவது ரவுண்டுல பாஸ் ஆனது இது, மேல மாத்திரை அட்டையோட படத்தையும் வெச்சு:

"ஒரு நாள் போட மறந்துட்டீங்களா? ஞாபகம் வந்த உடனே அதைப் போடுங்க. இன்னைக்கு மாத்திரைய எப்பவும் போடுற நேரத்துல போடுங்க. ஒரே நாள்ல ரெண்டு ஆனாலும் பரவாயில்லை."