ஹூஸ்டன் ரோடியோவுக்கு முதன்முறை போகிறீர்களா? மாட்டுக் கொட்டகையில் தொடங்குங்கள்

ஹூஸ்டனுக்குக் குடிவந்த முதல் வருடம், பிள்ளையின் பள்ளியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை 'கோ டெக்ஸன் டே', எல்லாரும் அதற்கேற்ற உடையில் வரவும் என்று போட்டிருந்தது. நான் ஏதோ மாறுவேடப் போட்டி என்று நினைத்து, குழந்தைக்குப் பாரதியார் முண்டாசு கட்டும் யோசனையில் இருந்தேன். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா தடுத்தார். கௌபாய் எனப்படும் மாட்டுக்காரர்கள் மாதிரி தொப்பி, கட்டம்போட்ட சட்டை, பூட்ஸ், அவ்வளவுதான். பூட்ஸ் இல்லாவிட்டாலும் குறையில்லை. வளரும் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், பழைய துணிக்கடைகளில் கிடைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தால் ரோடியோ, அதாவது கௌபாய்கள் காளைச் சவாரி, கயிறு வீச்சு எல்லாம் செய்துகாட்டும் திருவிழா, நெருங்கிவிட்டது என்று பொருள். குதிரையிலும் கூண்டு வண்டியிலும் பல திசைகளிலிருந்து நாள்கணக்காகப் பயணம் செய்தவர்கள் அன்று மெமோரியல் பார்க்கில் வந்து சேருவார்கள். மறுநாள் காலை நகரின் நடுவே ஊர்வலம். அதற்குக் கட்டணம் இல்லை. கைக்குழந்தையோடு இருப்பவர்கள் அந்த வருடம் ஊர்வலத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பினாலே போதும்.

இங்கே எல்லாரும் 'ரோடியோ' என்று சுருக்கமாகச் சொன்னாலும் முழுப்பெயரில் 'லைவ்ஸ்டாக் ஷோ', அதாவது கால்நடைக் கண்காட்சிதான் முன்னால் வரும். 1932-இல் கொழுத்த மாடுகளின் கண்காட்சியாகத் தொடங்கியது. ரோடியோ விளையாட்டுகள் 1938-இல்தான் சேர்ந்தன. 1942-இல் கௌபாய் படங்களின் நடிகரும் பாடகருமான ஜீன் ஆட்ரி வந்து பாடியதிலிருந்து கச்சேரியும் ஒட்டிக்கொண்டது. 1966-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்துக்கும், 2003-இல் அதற்குப் பக்கத்திலேயே டெக்ஸன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும் மைதானத்துக்கும் மாறியது. இப்போது மார்ச் மாதத்தை ஒட்டி இருபது நாள் நடக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் "யார் பாட வர்றாங்க?" என்று மட்டும் பார்த்துச் சீட்டு வாங்கி, மாலையில் போய் இரவில் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மாடுகளைப் பார்க்காமல் வருவது கல்யாணத்துக்குப் போய் மொய் மட்டும் எழுதிவிட்டு வருவது மாதிரி.

சீட்டு இரண்டு வகை. வளாகத்துக்குள் மட்டும் போவதற்கு ஒன்று. கால்நடைக் கண்காட்சி, குழந்தைகள் பகுதி, கடைகள் எல்லாம் அதில் அடங்கும், ராட்டினத்துக்கு மட்டும் தனிக் காசு. மைதானத்துச் சீட்டு வாங்கினால் ரோடியோ, கச்சேரி, வளாகம் மூன்றும் அதிலேயே வந்துவிடும். இது தெரியாமல் முதல் வருடம் இரண்டையும் வாங்கினேன், அதுவும் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் கூடுதல் விலைக்கு. ரோடியோவின் சொந்தத் தளத்தில் முதலில் பாருங்கள்.

அந்த மூன்று வாரமும் 610 சாலை பக்கம் காரை எடுக்காமல் இருப்பது நல்லது. பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர்களே கூட 288 நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டுவார்கள். நகர மையத்திலோ மெடிக்கல் சென்டர் பக்கத்திலோ காரை நிறுத்திவிட்டு மெட்ரோ ரெட் லைன் ரயிலில் வந்தால் வாசலுக்கு அருகிலேயே இறங்கலாம். ஒரு பயணத்துக்கு ஒன்றேகால் டாலர்.

சரி, கொட்டகைக்கு வருவோம். முடிந்தால் வார நாள் காலையில் போங்கள். கதவைத் தாண்டியதும் மரத்தூளும் சாணமும் கலந்த வாசனை வரும். ஊரில் மாடு வைத்திருந்தவர்களுக்கு அது போதும், கால் தானாக உள்ளே போகும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் மாட்டைக் குளிப்பாட்டி, பெரிய ஊதுகுழாயால் ரோமத்தை உலர்த்தி, சீப்பால் வாரிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் மடக்குக் கட்டில், அதில் வீட்டுப்பாடப் புத்தகம். இவர்கள் பெரும்பாலும் விவசாயமும் கால்நடை வளர்ப்பும் கற்றுத்தரும் 4-ஹெச், எஃப்.எஃப்.ஏ. என்ற அமைப்புகளில் இருக்கும் பள்ளி மாணவர்கள். கூச்சப்படாமல் "இதன் பெயர் என்ன, எவ்வளவு எடை?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் ஒரு வருடம் பேசாத அளவுக்கு இங்கே பத்து நிமிடத்தில் பேசிவிடுவார்கள். தொடுவதற்கு முன் மட்டும் அனுமதி கேளுங்கள். வெளியே வரும்போது கை கழுவுங்கள், குழந்தைகள் விரல் சூப்புவார்கள்.

சென்ற முறை அப்பா சிவகங்கையிலிருந்து வந்திருந்தார். அமெரிக்காவில் எதைக் காட்டினாலும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், சாம்பல் நிறத்தில் திமிலும் தொங்கும் அலைதாடியுமாக நின்ற ஒரு காளைக்கு முன்னால் சட்டென நின்றுவிட்டார். "டேய், இது நம்ம பக்கத்து மாடுடா." பாதிக்கு மேல் உண்மைதான். இந்த இனத்துக்கு இங்கே பிராமன் என்று பெயர். 1854 முதல் 1926 வரை இந்திய மரபில் வந்த மாடுகள் முந்நூறுக்கும் குறைவாகவே இந்த நாட்டுக்குள் வந்தன. கிர், குசராத் இனங்கள், நெல்லூர் எனப்படும் ஓங்கோல் எல்லாம் அதில் உண்டு. வெயிலும் உண்ணியும் ஐரோப்பிய மாடுகளை வாட்டிய இந்த வளைகுடாக் கரையில் இவை தாக்குப்பிடித்தன. 1924-இல் இதே ஹூஸ்டனில் இந்த இனத்தை வளர்ப்பவர்களின் சங்கம் உருவானது. அப்பா மாட்டைச் சுற்றிவந்து சுழி பார்த்தார். மாட்டுக்காரப் பையனுக்கு அவர் என்ன தேடுகிறார் என்று புரியவில்லை. நெற்றிச் சுழி, முதுகுச் சுழி, எது ஆகும், எது ஆகாது என்று நான் மொழிபெயர்க்க, பையன் தன் தாத்தாவைக் கூப்பிட்டு வந்துவிட்டான். இரண்டு தாத்தாக்களும் அரைமணி நேரம், பாதி கையாலேயே பேசினார்கள். பிராமன் மாடுகள் எல்லா நாளும் இருக்காது, கால அட்டவணை பார்த்துப் போங்கள்.

ஒன்றுக்கு மட்டும் தயாராகப் போங்கள். பரிசு வாங்கும் எருதுகள் ஏலத்துக்குப் போகும். முதலிடம் பெற்ற எருது 2022-இல் பத்து லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணம் மாட்டின் விலை அல்ல, பிள்ளைகளின் படிப்புக்காகக் கொடுப்பது. சந்தைப் பிரிவு மாடுகள் அப்புறம் இறைச்சிக்குத்தான் போகும். எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அழுவதைப் பார்த்து என் மகள் "அந்த மாடு வீட்டுக்குப் போகாதா?" என்று கேட்டாள். போகாது என்று சொன்னேன். காரில் திரும்பும் வரை பேசவில்லை. பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

மாலையில் மைதானம். முதலில் பிரார்த்தனை, தேசிய கீதம். எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொள்ளுங்கள். காளைச் சவாரியில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து எட்டு நொடி தாங்க வேண்டும். சும்மா இருக்கும் கை மாட்டின் மேல் பட்டாலே ஆட்டம் முடிந்தது. நூறு மதிப்பெண்ணில் பாதி வீரனுக்கு, பாதி மாட்டுக்கு. மாடு மந்தமாகத் துள்ளினால் வீரனுக்கும் நட்டம். விரையைக் கட்டுவதால்தான் துள்ளுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கயிறு பின்னங்காலுக்கு முன்னால் அடிவயிற்றைச் சுற்றித்தான் இருக்கும். அப்பாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "திமிலைப் புடிச்சுத் தொங்கச் சொல்லு பாப்போம்" என்றார். கீழே விழுந்தவனைக் காக்க மாட்டின் கொம்புக்கு நேரே ஓடுகிறவர்களைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்றுக்குட்டியைக் கயிறு வீசிச் சாய்த்துக் காலைக் கட்டும் போட்டியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் வீட்டிலும் யாராவது திருப்புவார்கள், அந்த நேரத்தில் பாப்கார்ன் வாங்கப் போகலாம்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் 'மட்டன் பஸ்டிங்' என்று ஒன்று உண்டு. தலைக்கவசம் போட்டு ஆட்டின் மேல் கவிழ்த்துப் படுக்கவைத்து விட்டுவிடுவார்கள். எடை 55 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், முன்பதிவு செய்வது நல்லது. பாட்டிகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனம். 'ஃப்ரிட்டோ பை' என்றால் இனிப்பு அல்ல, சோளச் சிப்ஸ் மேல் மாட்டுக்கறிக் குழம்பு. பீன்ஸிலும் இறைச்சி கிடக்கும். சுட்ட சோளம், பேக்கன் என்ற பன்றிக்கறி வேண்டாம் என்று சொல்லி வாங்கிய உருளைக்கிழங்கு, இவை தப்பில்லை. ஜாங்கிரி பிழிவதுபோல் மாவை எண்ணெயில் சுற்றிவிட்டுச் சர்க்கரை தூவித் தரும் 'ஃபனல் கேக்'கில் முட்டை உண்டு. விலை எல்லாமே கொஞ்சம் அதிகம், வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கச்சேரி முடிந்ததும் ரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும். குழந்தைகளோடு வந்தவர்கள் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். நாங்கள் அப்படிக் கிளம்பியபோது அப்பா மட்டும் வாசலில் நின்று, "அந்தப் பெரியவர் நாளைக்கும் இருப்பாராடா?" என்று கேட்டார்.