அகாட்சுகி பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நருட்டோ என்ற ஜப்பானிய மாங்காவில் (படக்கதையில்) வரும் அகாட்சுகி என்றதும் கறுப்பு அங்கி, அதில் சிவப்பு மேகம், வால் மிருகங்கள் என்ற ஒன்பது பெருஞ்சக்தி மிருகங்களை வேட்டையாடித் திரியும் ஒரு வில்லன் கூட்டம் என்றுதான் மனதில் வரும். அது சரிதான். ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க ஆரம்பத்திலிருந்தே ஒரே திட்டத்துக்காக உழைத்தது என்று நினைத்துக்கொண்டால் நருட்டோ கதையில் பாதி புரியாமல் போய்விடும். கதையின் இரண்டாம் பாகமான ஷிப்புடென் இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர்.

இந்தக் குழப்பத்துக்கு ரசிகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வரைந்த மாங்கா இது. அகாட்சுகியின் கதையை அவர் பின்னாலிருந்து முன்னால் சொல்கிறார். முதலில் அகாட்சுகி ஆட்களான இட்டாச்சியும் கிசாமேயும் நருட்டோவின் கிராமமான கொனோஹாவுக்குள் நுழைந்து மிரட்டுகிறார்கள். அமைப்பு எங்கே, யாரால் தொடங்கியது என்பது பல வருடம் கழித்துத்தான் ஃபிளாஷ்பேக்கில் வருகிறது. அதற்குள் நம் தலையில் ஒரு முடிவு உட்கார்ந்துவிடுகிறது.

முதல் தவறு, இதை வில்லன்கள் தொடங்கிய அமைப்பு என்பது. தொடங்கியவன் யாஹிகோ. கூட இருந்தவர்கள் நாகாட்டோவும் கோனானும். மூவரும் அமேகாகுரே என்ற மழைக் கிராமத்தின் போர் அநாதைகள். பெரிய நாடுகள் தங்கள் சண்டையை இந்தச் சின்ன மழை நாட்டுக்குள் வந்து போட்டுக்கொண்டன. நாகாட்டோவின் பெற்றோரைக் கொன்றவர்களே கொனோஹா நின்ஜாக்கள்தான். பிறகு கொனோஹாவின் ஜிராயாவே இந்த மூவருக்கும் மூன்று வருடம் பயிற்சி கொடுக்கிறார். யாஹிகோவின் அகாட்சுகி ஆயுதத்தை நம்பாமல் சமாதானம் பேசிய குழு. அது வளர்வதைப் பார்த்துப் பயந்த அமேகாகுரேயின் தலைவர் ஹான்சோ, கொனோஹாவின் டான்சோவோடு கைகோத்து வலை விரிக்கிறார். கோனானைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு, யாஹிகோவைக் கொல் என்று நாகாட்டோவிடம் சொல்கிறார். நாகாட்டோ கையில் இருந்த குனாய் (நின்ஜா கத்தி) மேல் யாஹிகோ தானே வந்து பாய்ந்து சாகிறான்.

நமக்குத் தெரிந்த அகாட்சுகி பிறந்தது அந்த இடத்தில்தான். அதனால் 'கொனோஹா நல்லது, அகாட்சுகி கெட்டது' என்று கோடு போட்டுப் பேசுகிறவர்கள், அந்தக் குனாயைக் கையில் திணித்ததில் கொனோஹாவுக்கும் பங்கு இருந்ததை மறந்துவிடுகிறார்கள். நாகாட்டோ பெயின் என்ற பெயரில் கொனோஹாவைத் தரைமட்டமாக்கியது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இந்த வெறுப்பை நீ எப்படித் தீர்த்துச் சமாதானம் கொண்டுவருவாய்' என்று அவன் கேட்ட கேள்விக்கு நருட்டோவிடம் அந்த நேரத்தில் தயார் பதில் இல்லை. அந்தக் கட்டம் இன்றும் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது, தலைவர் யார் என்ற சண்டை. பெயின் என்பார் ஒருவர், ஒபிடோ என்பார் இன்னொருவர், மதாரா என்று மூன்றாமவர் வருவார். யாருக்கு என்ன தெரியும் என்று பிரித்துப் பார்த்தால் இந்தச் சண்டையே இருக்காது. டெய்டாரா, ஹிடான் போன்ற உறுப்பினர்களுக்குத் தலைவர் பெயின், அவ்வளவுதான். முகமூடி போட்ட டோபி அவர்கள் கண்ணுக்கு ஒரு கோமாளி. பெயினுக்கும் கோனானுக்கும் டோபி பின்னால் நிற்பது தெரியும், ஆனால் அவனை மதாரா என்றே நம்புகிறார்கள். உண்மையில் அவன் ஒபிடோ. உச்சிஹா குலத்தின் பழைய தலைவரான நிஜ மதாரா அகாட்சுகியில் ஒரு நாளும் உறுப்பினராக இருந்ததில்லை. தன் ரின்னேகன் என்ற அபூர்வக் கண்களைச் சிறுவன் நாகாட்டோவுக்குத் தெரியாமலே அவனுக்குப் பொருத்திவிட்டு, திட்டத்தை ஒபிடோவிடம் ஒப்படைத்துவிட்டுச் செத்துப்போனவர். அந்த மதாராவையும் ஏமாற்றியது கறுப்பு செட்சு. தன்னைப் படைத்த ககுயாவை மீட்க உச்சிஹா கல்வெட்டின் வாசகத்தையே திருத்தி வைத்தது அதுதான். ஒருவர் முதுகில் இன்னொருவர் ஏறி நிற்கும் இந்த அடுக்கில் கீழே இருப்பவருக்கு மேலே யார் என்று தெரியாது.

குறிக்கோள் விஷயத்திலும் இதே கதைதான். 'அகாட்சுகியின் நோக்கம் எல்லையற்ற சுகுயோமி (உலகையே ஒரு கனவில் ஆழ்த்தும் மாயை)' என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. அது ஒபிடோவின் திட்டம். நாகாட்டோ நினைத்தது வேறு: வால் மிருகங்களின் சக்தியால் ஒரு பேராயுதம் செய்து, அதன் வலி தெரிந்த நாடுகள் பயத்தால் போரை நிறுத்த வேண்டும். அதற்கு முன் பணம் சேர்ப்பது, குறைந்த கூலிக்குப் போர் செய்து கொடுப்பது என்று படிகள் உண்டு. ஐந்து காகேக்கள் (பெரிய நின்ஜா கிராமங்களின் தலைவர்கள்) கூடும் மாநாட்டில், நீங்களே அகாட்சுகியைக் கூலிக்கு அமர்த்தியவர்கள்தானே என்று அவர்களில் ஒருவரான ராய்காகே மற்றவர்களைப் பார்த்துக் கத்துவதைக் கவனியுங்கள். இந்த அமைப்பை வளர்த்ததில் கிராமங்களின் காசும் இருந்தது. மற்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு காரணம்: ககுசுவுக்குப் பணம், ஹிடானுக்கு அவனுடைய கடவுள் ஜாஷின், டெய்டாராவுக்கு வெடிக்கும் கலை. டெய்டாரா விரும்பிக்கூட சேரவில்லை. இட்டாச்சியிடம் தோற்றதால் சேர வேண்டியதாயிற்று.

எல்லையற்ற சுகுயோமி திட்டத்தை மனசார நம்பியவன் என்றால் அது கிசாமேதான். ஆனால் அவனை 'சுறா மூஞ்சி, பெரிய வாள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவனுடைய சொந்தக் கிராமமான கிரிகாகுரேயில் அவன் வேலை, ரகசியம் எதிரி கையில் சிக்காமல் இருக்கத் தன் கூட்டாளிகளையே கொல்வது. அப்படிக் கொன்று கொண்டிருந்தபோது அவனுடைய மேலதிகாரியே ரகசியத்தை விற்கிறான் என்று தெரியவருகிறது. அவனையும் கொல்கிறான். அதற்குப் பிறகு எது உண்மை, எது பொய் என்ற பிடிமானமே அவனுக்கு இல்லை. பொய்யே இல்லாத ஓர் உலகம் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவன் பின்னால் போகாமல் என்ன செய்வான்? கடைசியில் கொனோஹாவின் நின்ஜா மைட் கை (Might Guy) என்பவரிடம் தோற்றுப் பிடிபட்டு, தன் மனதைப் படித்துத் தகவல் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தன் சுறாக்களுக்கே இரையாகிறான். அமைப்புக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்தவர் அகாட்சுகியில் வேறு யாருமில்லை என்பது என் கருத்து.

அவனுடைய ஜோடி இட்டாச்சி நேர் எதிர். கொனோஹாவின் உளவாளியாக உள்ளே இருந்தவர். இதில் ரசிகர்கள் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். முதல் தடவை அவர் கொனோஹா வந்ததை நருட்டோவைக் கடத்த வந்ததாக மட்டும் பார்ப்பது ஒன்று. கொனோஹாவின் தலைவரான மூன்றாம் ஹொகாகே இறந்த கையோடு அவர் வந்தது, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், என் தம்பி சசுகே மேல் கை வைக்காதீர்கள் என்று டான்சோ வகையறாவுக்கு நினைவூட்டத்தான். இன்னொன்று, உண்மை தெரிந்ததும் அவரை ஒரேயடியாகப் புனிதராக்குவது. மணல் கிராமத்து காராவிடமிருந்து ஷுக்காக்கு என்ற வால் மிருகத்தை மூன்று நாள் உறிஞ்சி எடுத்தபோது, மிருகங்களை அடைத்து வைக்கும் பெரிய சிலையின் விரல் மேல் இட்டாச்சியும்தான் நின்றார். காரா அதில் செத்தே போனான். சியோ பாட்டி தன் உயிரைக் கொடுத்துத்தான் அவன் திரும்பி வந்தான்.

மற்ற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு பெயின்களை ஆறு உறுப்பினர்களாக எண்ணக் கூடாது. அவை நாகாட்டோ தூரத்திலிருந்து இயக்கும் ஆறு சடலங்கள். நான்காம் நின்ஜா போருக்கு முன் அகாட்சுகி ஒன்பது வால் மிருகங்களையும் பிடித்துவிட்டது என்பதும் தவறு. பிடித்தது ஏழு. எட்டு வால் மிருகத்தைச் சுமக்கும் கில்லர் பீ என்று சசுகே குழு பிடித்து வந்தது, அந்த மிருகத்தின் வெட்டுப்பட்ட வாலால் ஆன நகல். சசுகே அந்த அங்கியைப் போட்டிருந்தாலும் அவனுக்கு மோதிரம் கிடையாது. கபுட்டோ போரில் ஒபிடோவோடு கூட்டுச் சேர்ந்தவன், உறுப்பினர் இல்லை. ஹிடானைக் கொனோஹாவின் ஷிகாமாரு கொன்றதாக எழுதுகிறார்கள். துண்டு துண்டாக்கி நாரா குலத்துக் காட்டில் புதைத்தான் என்பதே சரி.

காஸ்பிளே (பாத்திரங்களைப் போல வேஷம் போடுவது) செய்கிறவர்களுக்கும் ஒன்று. கீறல் விழுந்த நெற்றிப்பட்டை எல்லாருக்கும் இல்லை. சசோரி, கோனான், செட்சு, டோபி நால்வரும் அதைக் கட்டுவதே இல்லை. மோதிரத்தைக் கண்ட விரலில் மாட்டக் கூடாது, சிலையின் எந்த விரல் மேல் நிற்கிறார்களோ அந்த விரலுக்குத்தான் மோதிரம். இட்டாச்சிக்கு வலது மோதிர விரல், கிசாமேவுக்கு இடது மோதிர விரல். இடது சுண்டுவிரல் மோதிரம் ஒரோச்சிமாரு விலகும்போது அவரோடே போய்விட்டது. டோபி வேஷம் என்றால் சசோரி விட்டுப்போன இடது கட்டைவிரல் மோதிரத்தை வாங்குங்கள்.