எண்களை எண்ணாமல் கேளுங்கள்: மோர்ஸ் பழகுபவர்களுக்கு

மோர்ஸில் (குறுகிய ஒலியான புள்ளி, நீண்ட ஒலியான கோடு இரண்டையும் வைத்துச் செய்தி அனுப்பும் குறியீடு) எழுத்துகளை நன்றாகப் பிடிப்பவர்கள்கூட எண் வந்ததும் தடுமாறுவார்கள். இத்தனைக்கும் எழுத்துகளைவிட எண்களின் அமைப்பு ரொம்ப ஒழுங்கானது. எந்த எண்ணாக இருந்தாலும் ஐந்து ஒலிகள்தான். 1 என்றால் ஒரு புள்ளி, நான்கு கோடு. 2 என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. இப்படியே புள்ளி ஏறிக்கொண்டே போய் 5 முழுக்கப் புள்ளி. 6-இல் முதல் ஒலி மட்டும் கோடு, 7-இல் முதல் இரண்டு, கடைசியில் 0 முழுக்கக் கோடு. பத்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அட்டவணை மனதில் இருப்பதால் காது கேட்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறது: மூன்று கோடு, இரண்டு புள்ளி, அப்படியென்றால் 8. இந்தக் கணக்கு முடிவதற்குள் அடுத்த எண் பாதி போயிருக்கும். நான் அட்டவணையை வைத்துத்தான் பழகினேன், அந்தப் பழக்கத்தை விடுவதற்குக் கற்றுக்கொண்டதைவிட அதிக நாள் ஆனது. அதனால் முதல் நாளிலிருந்தே காகிதத்தில் புள்ளியும் கோடும் போடாதீர்கள், வாயால் சொல்லுங்கள்: புள்ளிக்கு "டி" (கடைசியில் வந்தால் "டிட்"), கோட்டுக்கு "டா". 4 என்பது "டிடிடிடி டா", 6 என்பது "டா டிடிடிடிட்".

வேகத்தைக் குறைத்துக் கேட்பதும் தப்பு. மெதுவாக வந்தால் எண்ணுவதற்கு நேரம் கிடைக்கும், கிடைத்தால் கண்டிப்பாக எண்ணுவீர்கள். பயிற்சிச் செயலியில் எண்ணின் வேகத்தை நிமிடத்துக்கு 20 வார்த்தை என்று வைத்துவிட்டு, இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் மூன்று நான்கு நொடியாக நீட்டுங்கள் (இதைத்தான் ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பார்கள்). பழகப் பழக இடைவெளியைச் சுருக்கினால் போதும், எண்ணின் ஓசை மாறாது.

எந்த வரிசையில் பழகுவது? 1, 2, 3 என்று போகாதீர்கள். முதலில் 5, 0. ஒரு புள்ளியின் நீளத்தை ஓர் அலகு என்று வைத்தால் 5 முடிய 9 அலகு, 0 முடிய 19 அலகு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். நீளத்தை வைத்தே காது பிரித்துவிடும். அப்புறம் 4, 6. அடுத்து 3, 7. பிறகு 2, 8. கடைசியில் 1, 9. கூட்டினால் பத்து வரும் இந்த ஜோடிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது கிடைக்கும். புள்ளி எங்கே கோடாகத் திரும்புகிறது, அல்லது கோடு எங்கே புள்ளியாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தை மட்டும் காது பிடித்தால் போதும். 9-தான் கடைசிவரை படுத்தும், ஏனென்றால் நான்கு கோடு கேட்டதுமே கை 0 என்று எழுதிவிடும். கடைசி ஒலி வரும்வரை பென்சிலைத் தூக்கியே வைத்திருங்கள்.

பத்தும் பிடிபட்டதும் எழுத்துகளோடு கலந்து கேளுங்கள். ஆங்கில எழுத்தான எச்சுக்கு (H) நான்கு புள்ளி, 5-க்கு ஐந்து. இதே மாதிரி வி-யும் (V) 4-உம், பி-யும் (B) 6-உம், ஜே-யும் (J) 1-உம் ஒரே ஓர் ஒலியில்தான் வேறுபடும். ஒன்று தவறிப்போனால் கோடிட்டு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், போனதை யோசித்தால் கூடவே இன்னும் இரண்டு போகும்.

அனுப்பும்போது கோடு மூன்று புள்ளி நீளம், உள்ளே இருக்கும் இடைவெளி ஒரு புள்ளி, இரண்டு எண்களுக்கு நடுவில் மூன்று புள்ளி. பெரும்பாலும் கெடுவது 0-வின் கடைசிக் கோடுதான், அவசரத்தில் குறுகிப்போய் எதிர்முனையில் 9 ஆகிவிடும். சாதாரணக் கீ (ஒவ்வொரு ஒலிக்கும் கையால் அழுத்தும் விசை) என்றால் விரல் நுனியால் தட்டாமல் மணிக்கட்டை அசைத்து அனுப்புங்கள். பேடில் (பிடித்திருக்கும்வரை புள்ளியோ கோடோ தானாகவே தொடர்ந்து வரும் விசை) என்றால் 5-க்கு ஐந்தாவது புள்ளி ஆரம்பிக்கும்போதே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஆறாவது வந்துவிடும். அனுப்பியதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அனுப்பியது மறந்திருக்கும், அதனால் உங்கள் எண்களை இன்னொருவர் கேட்பதுபோலவே கேட்பீர்கள்.

கை பழக 73 நல்ல பாடம். உரையாடல் முடியும்போது வாழ்த்துச் சொல்ல ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) அனுப்புவது இது. "டாடா டிடிடிட், டிடிடி டாடா", பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். ஒருநாள் இது ஏழாகவும் மூன்றாகவும் இல்லாமல் ஒரே சந்தமாக என் காதில் விழுந்தது, அன்றிலிருந்துதான் மற்ற எண்களும் இலகுவாயின.

ஹாம் போட்டிகளில் 599 என்பதை (உங்கள் சிக்னல் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் எண்) 5-க்குப் பின் இரண்டு முறை 'என்' (N) எழுத்தை அனுப்பிச் சுருக்குவார்கள், 'என்' என்பது "டா டிட்" மட்டும்தான். 0-வுக்கும் சிலர் ஒற்றைக் கோடு போடுவார்கள். இவற்றைக் கேட்டால் புரிய வேண்டும், ஆனால் அழைப்புக் குறியில் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி) வரும் எண்ணை மட்டும் சுருக்காமல் ஐந்து ஒலியும் முழுசாக அனுப்புங்கள்.