திறப்புத் துவாரத்துக்கு எந்த எண்ணெய்?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெண்கட்டியாக உறைந்திருப்பது இங்கு எவருக்கும் புதுமையன்று. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் அதே எண்ணெயைத்தான், கதவுப் பூட்டு இறுகியதும் நம்மில் பலர் திறப்புத் துவாரத்தில் விடுகிறோம். அது குளிரில் தடித்து, தூசியைப் பிடித்து, நாளடைவில் பிசினாகி, உள்ளேயுள்ள சிறு ஊசிகளையும் சுருள்விற்களையும் அசையவிடாமல் செய்துவிடும்.

பூட்டுக்கு உலர்ந்த கிராபைற் தூளே ஏற்றது. அது கிடைக்காவிடில், மென்மையான பென்சிலின் கரியைத் திறப்பின் பற்களில் நன்றாகத் தேய்த்து, பலமுறை உள்ளே செலுத்தி எடுக்கலாம். ஆனால் மழையில் நனையும் வெளிக்கேற்றின் ஆமைப்பூட்டில், முதலில் டபிள்யூடி-40 போன்ற தெளிப்பினால் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அப்பெயரின் முதலிரு ஆங்கில எழுத்துகள் (WD) நீரை அகற்றுவதைத்தான் குறிக்கின்றன. அதன் மசகுத்தன்மை நெடுநாள் நிலைக்காது என்பதால், காய்ந்தபின் டெஃப்லான் கலந்த உலர் தெளிப்பைச் சிறிதளவு அடிக்கவும். எண்ணெய் விட்ட பூட்டில் கிராபைற் இடுவது சேறு குழைப்பதற்குச் சமம்.

கீச்சிடும் வீட்டுக் கதவின் பிணைச்சலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளிகள் போதும். காரின் கதவுப் பிணைச்சலுக்கு வெள்ளை லித்தியம் கிறீஸும், கதவோர இறப்பருக்குச் சிலிக்கோனும் பொருந்தும்; பெற்றோலிய எண்ணெய் பல வகை இறப்பரை உப்பச் செய்யும். இவற்றில் எதுவும் பிரேக் தட்டில் தெறிக்கக்கூடாது. ஹற்றன் பக்கத்து வளைவுகளில் இறங்குவோருக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.